வாயு மறந்துவிடும், விண்மீன் மறக்காது

ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்த முதல் ஆறு மாதமும் நான் செய்த வேலை, விண்மீன்களை மறைப்பது.

ஒரு கேலக்ஸியைப் படம் எடுத்தால் அதில் கேலக்ஸி மட்டும் வராது. நம் பால்வீதியைச் சேர்ந்த விண்மீன்கள் குறுக்கே நிற்கும். வெகுதொலைவில் இருக்கும் வேறு கேலக்ஸிகள் சின்னச் சின்னப் பொட்டுகளாகப் பின்னால் தெரியும். இவை எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பெரும்பாலானவற்றை மென்பொருளே கண்டுபிடித்து மறைத்துவிடும். ஆனால் சுருள்கரத்தின் மேலேயே ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தால், அது வழியில் நிற்கும் நம்முடைய விண்மீனா, அந்தக் கேலக்ஸியிலேயே புது விண்மீன்கள் பிறக்கும் வாயுத் திட்டா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. படத்தைப் பெரிதாக்கி, புள்ளியின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, கசிந்து பரவியிருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். விண்மீன் என்றால் அதன் மேல் ஒரு வட்டம் போட்டு மறைக்க வேண்டும். ஒரு படத்துக்கு இருநூறு, முந்நூறு வட்டங்கள் ஆகும்.

அதற்கு அப்புறம்தான் அளவை. ஐராஃப் என்ற பழைய மென்பொருளில் கேலக்ஸியின் நடுவிலிருந்து வெளியே வரை ஒன்றுக்குள் ஒன்றாக நீள்வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வளையத்திலும் சராசரி வெளிச்சம் எவ்வளவு என்று எடுப்போம். மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது கிடையச்சில், வெளிச்சம் மடக்கை அளவில் நிலையச்சில். முதல் கேலக்ஸிக்கு அந்த வரைபடம் திரையில் வந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நடுவில் ஒரு மேடு. அதைத் தாண்டியதும் ஒரு நேர்கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி.

அந்தப் படத்தை நான் வாரக்கணக்கில் பார்த்திருந்தேன். அதில் கரங்கள் பிய்ந்து தொங்கின, தூசிக்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின, ஒரு பக்கம் நீலத் திட்டுகள் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தன. அவ்வளவு அலங்கோலத்தையும் வளையம் வளையமாகச் சராசரி எடுத்தால் ஒரு நேர்கோடு வருகிறது. குறிப்பிட்ட ஒரு தூரம் வெளியே போனால் வெளிச்சம் 37 சதவீதமாகக் குறைகிறது. அதே தூரம் இன்னொரு முறை போனால் மிச்சத்தில் 37 சதவீதம். கென் ஃப்ரீமன் 1970-இல் எழுதிய கட்டுரையில், தட்டு வடிவக் கேலக்ஸிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த அடுக்குக்குறி வீழ்ச்சி இருப்பதைக் காட்டினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஏன் இப்படி என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பதில் இன்னும் இல்லை. என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்தது அந்தக் கோடுதான்.

தட்டு என்று சொல்கிறோமே, அது எவ்வளவு தட்டை என்பதை ஒரு முறை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பால்வீதியின் விட்டம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. இளம் விண்மீன்களும் வாயுவும் இருக்கும் பகுதியின் தடிமன் ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டு. நூற்றுக்கு ஒன்று. ஒரு சிடியை எடுத்துப் பாருங்கள்: குறுக்களவு 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதுவும் நூற்றுக்கு ஒன்றுதான். பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள், யாரும் பிடித்து அழுத்தாமல், ஒரு சிடியின் விகிதத்தில் படிந்து சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எப்படிப் படிந்தன? வாயுவால். தொடக்கத்தில், ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருளின் ஒரு பெரிய குமிழுக்குள் வாயு விழுகிறது. எந்தத் திசையிலிருந்து வேண்டுமானாலும் விழலாம். இரண்டு வாயு மேகங்கள் மோதினால் சூடாகும். அந்தச் சூட்டை ஒளியாக வெளியே விட்டுவிட்டு மறுபடி குளிர்ந்துவிடும். மேலும் கீழுமாகப் போன வேகம் எல்லாம் இப்படி மோதி மோதிக் கரைந்துபோகும். கரைக்க முடியாதது ஒன்றுதான்: சுழற்சி, அதாவது கோண உந்தம். அதை ஒளியாக வெளியே தள்ளிவிட முடியாது. மற்ற அசைவெல்லாம் போய்ச் சுழற்சி மட்டும் மிஞ்சினால், வாயு படியக்கூடிய ஒரே வடிவம் தட்டுதான்.

விண்மீன்களுக்கு அந்த வசதி கிடையாது. அவை மோதுவதே இல்லை. சூரியனை 2 மில்லிமீட்டர் கடுகாகச் சுருக்கினால் அடுத்த விண்மீன் ஏறக்குறைய 58 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு கடுகு. மோதல் இல்லை என்றால் ஆட்டத்தைக் கரைக்க வழி இல்லை. ஏதோ ஒன்று ஒரு விண்மீனை மேலே தள்ளிவிட்டால், அது ஆயுள் முழுக்கத் தட்டின் தளத்துக்கு மேலேயும் கீழேயும் ஆடிக்கொண்டுதான் சுற்றும். வாயுவுக்கு என்ன நேர்ந்தாலும் சில கோடி ஆண்டுகளில் மறந்துவிட்டு மறுபடி படுத்துவிடும். விண்மீன் மறக்காது. ஒரு தட்டின் வரலாற்றை நாம் படிக்க முடிகிறது என்றால் அது இந்த வேற்றுமையால்தான். கேலக்ஸியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சூரியனுக்கு அக்கம்பக்கத்து விண்மீன்களையே எடுத்துக்கொள்வோம். இப்போதுதான் பிறந்தவை தளத்துக்குச் செங்குத்தாக விநாடிக்கு 10 கிலோமீட்டருக்குள்தான் ஆடுகின்றன. வயது ஏற ஏற அந்த ஆட்டம் 20, 25 என்று கூடுகிறது. வாயு மேகங்களையும் சுருள்கரங்களையும் கடந்து போகும்போது வாங்கிய சின்னச் சின்னத் தள்ளல்கள் அத்தனையும் சேர்ந்துகொண்டே வருகின்றன. 1983-இல் கில்மோரும் ரீடும் விண்மீன்களை உயரம் வாரியாக எண்ணிப் பார்த்து, பால்வீதியில் மெல்லிய தட்டோடு சேர்ந்து அதைவிடப் பல மடங்கு தடித்த இன்னொரு தட்டும் இருக்கிறது என்றார்கள். அதிலிருக்கும் விண்மீன்கள் மிகப் பழையவை, இரும்பு குறைந்தவை, ஆட்டம் அதிகமானவை. இதெல்லாம் வெறும் சிறு தள்ளல்களால் நடந்ததா, ஒரு பெரிய அடியா என்று நீண்ட காலம் வாதாடினார்கள்.

கையா விண்கலத்தின் இரண்டாம் தரவுத் தொகுப்பு 2018-இல் வெளியானது. நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தொலைவையும் வான்வழி நகர்வையும் அது தந்தது. அதே ஆண்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரு முடிவுக்கு வந்தன: சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கணிசமான கேலக்ஸி பால்வீதிக்குள் விழுந்து கரைந்திருக்கிறது. அதன் விண்மீன்கள் மற்றவற்றைப் போல வட்டப்பாதையில் சுற்றாமல், மையத்தை நோக்கி நெட்டையாக விழுந்து எழுந்துகொண்டிருக்கின்றன. தடித்த தட்டில் ஒரு பகுதியாவது அந்த மோதலில் கலைந்து எழும்பிய பழைய தட்டுதான் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். அதற்குப் பிறகு வாயு மறுபடி படிந்தது. அதில் மெல்லிய தட்டு புதிதாகப் பிறந்தது. நாம் இருப்பது அந்த மெல்லிய தட்டில்.

அதே 2018-இல் இன்னொன்றும் வந்தது. சூரியனுக்குப் பக்கத்து விண்மீன்களை, தளத்திலிருந்து எவ்வளவு உயரம், எந்தச் செங்குத்து வேகம் என்று வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் தெரிந்தது. அமைதியாக இருக்கும் தட்டில் அப்படிச் சுருள் வரக் கூடாது. கடைசி 30 கோடியிலிருந்து 90 கோடி ஆண்டுகளுக்குள் ஏதோ ஒன்று தட்டை உலுக்கியிருக்கிறது, அது இன்னும் அடங்கவில்லை. பால்வீதியைச் சுற்றிவரும் தனுசு குறுங்கேலக்ஸி தட்டைக் கடந்து போனதுதான் காரணமாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். இன்றும் அதுதான் முதல் சந்தேகம். அந்த வரைபடத்தை முதலில் பார்த்த அன்று வேறு வேலை எதுவும் ஓடவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகள் விண்மீன்களை எண்ணியிருக்கிறோம். சுருள் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

சரி, என் நேர்கோட்டுக்கு வருகிறேன்.

இருபதாவது கேலக்ஸியோ என்னவோ, கோடு ஓர் இடத்தில் சட்டென்று முறிந்து செங்குத்தாக இறங்கியது. தட்டு அங்கே முடிந்துவிட்டது போல இருந்தது. அதற்கு அப்பால் வாயு மிகவும் அடர்த்தி குறைந்துபோய் விண்மீன்கள் பிறக்க முடியவில்லை என்று விளக்கம்கூட எழுதிவிட்டேன். எங்கள் வழிகாட்டி வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வானத்தை எங்கம்மா அளந்த?”

கேள்வியின் கனம் புரிய ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். நிலவில்லாத நல்ல இருட்டு இரவிலும் வானம் முழுக் கறுப்பு இல்லை. அதற்கென்று ஒரு மங்கல் ஒளி உண்டு. தட்டின் வெளிப்பகுதி அந்த வான ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆக, படத்தில் நாம் அளப்பது நூற்றொன்று; அதில் நூறு வானம், ஒன்று கேலக்ஸி. வானத்தின் அளவில் அரை சதவீதம் கூடுதலாகக் கழித்துவிட்டால் கேலக்ஸியின் வெளிச்சத்தில் பாதி காணாமல் போகும், கோடு கீழே முறியும். குறைத்துக் கழித்தால் கோடு மேலே வளையும், இல்லாத ஒரு வெளித்தட்டு முளைக்கும். நான் வானத்தை அளந்த சதுரங்கள் கேலக்ஸிக்கு மிக அருகில் இருந்தன. அவற்றில் வானத்தோடு தட்டின் மங்கலான ஒளியும் கலந்திருந்தது. தட்டையே தட்டிலிருந்து கழித்திருக்கிறேன். சதுரங்களை வெளியே நகர்த்தி மறுபடி அளந்தேன். முறிவு மறைந்துவிட்டது. எழுதி வைத்திருந்த விளக்கத்தையும் அழித்தேன். அதுவரை முடித்திருந்த அத்தனை கேலக்ஸிகளுக்கும் வானத்தை முதலிலிருந்து அளக்க மூன்று மாதம் ஆயிற்று.

உண்மையிலேயே முறியும் கோடுகளும் நிறைய இருக்கின்றன என்பது அந்த மூன்று மாதத்தில்தான் தெரிந்தது. பெரும்பான்மையான தட்டுகள் ஓர் இடத்துக்கு மேல் இன்னும் வேகமாக மங்குகின்றன. சில, மெதுவாக மங்குகின்றன. கடைசிவரை ஒரே நேர்கோடாகப் போவது சிறுபான்மைதான். நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. மையத்திலிருந்து வெளியே போகப் போகத் தட்டு நீலமாகிக்கொண்டே போகும். நீலம் என்றால் இளம் விண்மீன்கள் அதிகம். முறிவு இருக்கும் இடத்தில் நீலம் உச்சம். அதைத் தாண்டினால் மறுபடி சிவக்கிறது. அதாவது, விண்மீன்கள் பிறக்கவே வாயு போதாத வெளியோரத்தில் வயதான விண்மீன்கள் இருக்கின்றன. அங்கே பிறக்காதவை அங்கே எப்படி வந்தன?

நகர்ந்து வந்திருக்கின்றன. 2002-இல் செல்வுட், பின்னி இருவரும் சொன்ன வழி இது. சுருள்கரம் ஒன்று சுற்றும் அதே வேகத்தில் சுற்றும் விண்மீன் அந்தக் கரத்தோடு நீண்ட நேரம் கூடவே போகிறது. கரத்தின் ஈர்ப்பு அதை முன்னால் இழுத்தால் அதற்குக் கோண உந்தம் கூடி வெளிப்பாதைக்குப் போகிறது. பின்னால் இழுத்தால் உள்ளே வருகிறது. முக்கியமானது என்னவென்றால், இந்த மாற்றத்தில் பாதை கோணலாவதில்லை. பழைய பாதையைப் போலவே புதிய பாதையும் ஏறக்குறைய வட்டம். மேலே தள்ளப்பட்ட விண்மீன் ஆடி ஆடித் தன் கதையைச் சொல்லிவிடும். இப்படி நகர்ந்தது எந்த அடையாளமும் காட்டாமல் புது அக்கம்பக்கத்தோடு கலந்துவிடும்.

அப்படியானால் விண்மீன் மறக்காது என்று மேலே சொன்னது? அதன் அசைவு எங்கே பிறந்தோம் என்பதை மறந்துவிடுகிறது. அதன் உடம்பு மறப்பதில்லை. கேலக்ஸியின் உள்பகுதியில் வாயுவில் இரும்பு போன்ற கன தனிமங்கள் அதிகம், வெளியே குறைவு. பிறந்தபோது எந்த வாயுவிலிருந்து திரண்டதோ அதன் கலவையை விண்மீன் தன் மேற்பரப்பில் கடைசிவரை பெருமளவு வைத்திருக்கும். சூரியனில் அதே வயது அக்கம்பக்கத்து விண்மீன்களின் சராசரியைவிடக் கன தனிமங்கள் கொஞ்சம் அதிகம். அதை வைத்து, அது இப்போதிருக்கும் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் பிறக்கவில்லை, இன்னும் உள்ளே பிறந்து இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். பிறந்ததிலிருந்து சுமார் இருபது சுற்றுகள் வந்திருக்கிறது. அதற்குள் இடமும் மாறியிருக்கிறது.

சுருள்கரங்களைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை மட்டும், ஏனென்றால் அவற்றைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். ராஸ் பிரபு அயர்லாந்தில் தான் கட்டிய 72 அங்குலத் தொலைநோக்கியில் எம்51 என்ற கேலக்ஸியின் சுருளைக் கண்டது 1845-இல். கரம் என்பது ஒரே விண்மீன்களால் ஆன கெட்டிப் பொருள் என்றால், உள்ளே இருப்பவை சீக்கிரம் சுற்றிவிடுவதால் சில சுற்றுகளிலேயே அது நூல்கண்டு மாதிரி இறுகிப்போய்விடும். அதனால் 1964-இல் லின்னும் ஷூவும் கரம் ஓர் அடர்த்தி அலை, விண்மீன்கள் அதற்குள் நுழைந்து வெளியே வருகின்றன என்றார்கள். அலை நிலையாக நிற்கிறதா, தோன்றித் தோன்றி மறைகிறதா என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. கணினிக்குள் நாம் செய்து பார்க்கும் கேலக்ஸிகளில் கரங்கள் வந்து வந்து போகின்றன. நான் அந்தக் கட்சி. விண்மீன்களால் மட்டும் ஆன தட்டில் சில சுற்றுகளுக்குள் விண்மீன்களின் ஆட்டம் கூடிக் கரங்கள் அழிந்தும்விடுகின்றன. அவை மறுபடி மறுபடி வர வேண்டுமென்றால் புதிதாகக் குளிர்ந்த வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கேயும் வாயுதான்.

நடுப்பட்டை வேறு கதை. அகச்சிவப்பில் பார்த்தால் நம் அருகிலுள்ள தட்டுக் கேலக்ஸிகளில் மூன்றில் இரண்டுக்கு நடுவில் நீளமான ஒரு விண்மீன் பட்டை இருக்கிறது; பால்வீதிக்கும் உண்டு. 1973-இல் ஆஸ்ட்ரைக்கரும் பீபிள்ஸும் ஒரு தட்டைக் கணினியில் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். தனியே விட்ட தட்டு சீக்கிரமே குலைந்து பட்டையாகிவிட்டது. குலையாமல் நிற்க, சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பெரிய நிறை ஒன்று தேவைப்பட்டது. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவின் சுழற்சி வேகம் வெளியே போனாலும் குறையவில்லை என்று 1970-இலேயே அளந்து காட்டியிருந்தார்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டின. கரும்பொருளை எல்லோரும் ரூபினின் வரைபடத்தை வைத்தே அறிமுகப்படுத்துகிறார்கள். தட்டு ஏன் உடையாமல் நிற்கிறது என்ற இந்தக் கேள்வி எனக்கு அதைவிட நெருக்கமானது.

ஒருமுறை பட்டை வந்துவிட்டால் தட்டின் போக்கே மாறிவிடும். வாயுவின் கோண உந்தத்தைப் பிடுங்கி அதை மையத்துக்குத் தள்ளுகிறது. அங்கே விண்மீன்கள் பிறந்து மெல்ல மெல்ல நடுவில் ஒரு மேடு, போலிப் புடைப்பு என்பார்கள், உருவாகிறது. மோதலே இல்லாமல், தனக்குள்ளேயே நடக்கும் முதுமை இது. பட்டை தானும் மேலும் கீழும் வளைந்து தடித்து, பக்கவாட்டில் பார்த்தால் நிலக்கடலை ஓடு போலத் தெரியும். பால்வீதியின் நடுவிலும் அந்த நிலக்கடலைதான். கரும்பொருளின் நடுவே சுழலும்போது பட்டைக்கு இழுவையும் உண்டு. கடந்து போகும் நிறையைப் பின்னாலிருந்து இழுக்கும் அந்த உராய்வை 1943-இல் எழுதியவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன் கொத்துகளுக்காக எழுதிய சூத்திரம், பிற்காலத்தில் கேலக்ஸிப் பட்டைகள் எவ்வளவு வேகம் இழந்திருக்கும் என்று கேட்கவும் கைகொடுத்தது.

இவ்வளவையும் வைத்து எங்கள் தலைமுறை ஒரு காலவரிசை வைத்திருந்தோம். முதலில் கலவரம், மோதல். தட்டுகள் பின்னால் நிதானமாகப் படிந்தவை. பட்டைகள் அதற்கும் பிந்தியவை. 2020-இல் சிலியில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கிகள், பெருவெடிப்புக்குப் பிறகு 150 கோடி ஆண்டே ஆன காலத்தில் விநாடிக்கு 272 கிலோமீட்டரில் ஒழுங்காகச் சுற்றும் ஒரு வாயுத் தட்டைக் காட்டின. 2022-இலிருந்து ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில், மிகத் தொலைவில், அதாவது மிகப் பழைய காலத்தில், தட்டு மாதிரித் தெரிபவை நாங்கள் எதிர்பார்த்ததைவிட எக்கச்சக்கம். படத்தில் தட்டையாகத் தெரிவது உண்மையில் சுற்றுகிறதா என்பதை ஒவ்வொன்றாக அளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் காலவரிசையில் தட்டுகளின் தொடக்கம் இன்னும் பழைய காலத்துக்குத் தள்ளிப்போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் தட்டுகளில் எத்தனை பிழைத்தன, எத்தனை கலைந்து மறுபடி படிந்தன என்பதுதான் இப்போது நான் உட்கார்ந்திருக்கும் கேள்வி.

கடைசியாக ஒரு கேலக்ஸி. என்.ஜி.சி. 5907. சுமார் 5 கோடி ஒளியாண்டு தொலைவில், நமக்குத் தன் விளிம்பை மட்டும் காட்டி நிற்கிறது. கத்தி விளிம்பு என்று அதற்குச் செல்லப்பெயரே உண்டு. நடுவில் புடைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு மெல்லிய கோடு. படிப்பின் தொடக்கத்தில் அதை அளந்தபோது, இவ்வளவு மெலிந்த தட்டுக்கு எந்த அடியும் பட்டிருக்காது என்றே நினைத்தேன். அதைச் சுற்றி மிக மங்கலான ஒரு விண்மீன் ஓடை போவதை வேறு குழுக்கள் கண்டுபிடித்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு சிறு கேலக்ஸியை இந்தக் கேலக்ஸி பிய்த்து இழுத்ததன் மிச்சம் அது. 2008-இல் வெளியான ஆழமான படத்தில் ஓடை இரண்டு வளையமாகச் சுற்றியது. தொலைப்பட கேமரா லென்ஸ்களை ஒன்றாகக் கட்டி அமைத்த டிராகன்ஃபிளை தொலைநோக்கி எடுத்து 2019-இல் வெளியான படத்தில் இரண்டாவது வளையத்தைக் காணவில்லை. நீண்டு வளைந்த ஒரே ஓடை. தட்டு இரண்டு படத்திலும் அதே மெல்லிய கோடுதான்.

2019 படம் வந்த அன்று என் பழைய கோப்பைத் தேடித் திறந்தேன். வானத்தை அளக்க நான் போட்ட சதுரங்கள் பச்சை நிறத்தில் அப்படியே இருந்தன. இந்த முறை தட்டிலிருந்து போதுமான தூரம் தள்ளித்தான் போட்டிருந்தேன். அவற்றில் ஒரு சதுரம், அந்த இரண்டு படங்களிலும் ஓடை போகும் இடத்தின் மேல் இருந்தது.